அறுபத்து நாலாவது கையொப்பம்

பூங்காவின் மேற்கு வாசலிலிருந்து மூன்றாவது வாங்கு என்னுடையது. நகரக் கவுன்சில் எழுதித் தரவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு காலை ஏழரைக்கு நான் அதில் உட்காராத நாட்கள் மிகக் குறைவு. ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் பதினான்கு வருடம் சங்கிலி பிடித்தேன். இங்கே, வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடம் பெற்றோல் ஸ்டேஷனில் நின்றேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. பேருந்தில் ஏறினால் இருக்கைகளை எண்ணுவேன், மாடியில் ஏறினால் படிகளை. பூங்காவில் நாய்களை எண்ணினேன்.

பெரிய புல்வெளியில் நாய்களை அவிழ்த்துவிடலாம் என்பது நான் மனோர் பார்க் பகுதிக்குக் குடிவருவதற்கு முன்பே இருந்த வழக்கம். கொப்பியில் இரண்டு பத்தி கீறி, கயிற்றோடு வருபவை ஒரு பக்கம், கயிறில்லாதவை மறுபக்கம் என்று எழுதுவேன். ஏதாவது குழப்படி செய்தால் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளடி. ஆறு வாரத்தில் நாலு புள்ளடிதான் விழுந்திருந்தது. அதில் மூன்று ஒரே நாய்க்கு உரியவை.

அந்த நாயின் சொந்தக்காரர் எங்கள் தெருவில், பூங்காவுக்கு நேர் எதிரே இருந்தார். என்னைவிட ஒன்பது வயது குறைவு. நான் தம்பி என்பேன், அவர் அண்ணை என்பார். ஊரில் ஷெல் விழுந்தபோது வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. மிஞ்சிய இரண்டால் தேநீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாது. வலது முழங்கால் தேய்ந்ததால் இடது கையில் எப்போதும் ஊன்றுபொல்லு. மனைவி செத்து எட்டாம் மாதம், காப்பகம் ஒன்றிலிருந்து அந்த நாயைக் கொண்டுவந்தார். மெலிந்த, நெட்டைக் கால் நாய். சாம்பல் நிறம். வீட்டு வாசலிலிருந்து பூங்கா வாசலுக்கு நாற்பத்திரண்டு அடி. கயிற்றை இடுப்புப் பட்டியில் மாட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் மெல்ல வருவார், உள்ளே வந்ததும் அவிழ்த்துவிடுவார். நாய் அம்பு மாதிரிப் போகும். அவர் நின்ற இடத்திலேயே நிற்பார்.

இருபது வருடம் அந்தத் தெருவில் இருந்தும் ஒரு வெள்ளைக்காரரோடு பேசியிராத மனிதர் அவர். நாய் வந்த பிறகு பதினொரு பேர் அவருக்குக் காலை வணக்கம் சொன்னார்கள். எண்ணியிருக்கிறேன். எனக்குச் சொல்பவர்கள் இரண்டு பேர்.

வெள்ளிக்கிழமைகளில் குளித்து, வேட்டி கட்டி, பூங்காவைக் குறுக்கே கடந்து கோயிலுக்குப் போவேன். அப்படிப் போகும்போதுதான் அந்த மூன்று புள்ளடியும் விழுந்தன. நாய் பின்னால் வந்து ஈர மூக்கை என் வேட்டியில் வைக்கும். திரும்ப வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டும். மத்தியானப் பூசை தவறிவிடும். மூன்றாம் முறை நான் சத்தம் போட்டபோது அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: “அண்ணை, வைரவற்றை வாகனமெல்லோ. கோயிலுக்குப் போக முன்னமே உங்களுக்கு அருள் கிடைச்சிட்டுது.” பக்கத்தில் நின்ற நாய்க்காரர்களுக்கு அதை அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஐந்து பேர் சிரித்தார்கள். வேட்டி காய்ந்துவிட்டது. அந்தச் சிரிப்பு காயவில்லை.

அடுத்த மாதம் பூங்கா வாசலில் கவுன்சில் ஒரு அறிவித்தல் ஒட்டியது. இனி எல்லா நாய்களும் கயிற்றோடுதான் வரவேண்டும் என்ற யோசனை. விரும்புகிறவர்களும் விரும்பாதவர்களும் ஆறு வாரத்துக்குள் எழுதலாம்.

மறுநாள் காலை அவர் என் வாங்கில் வந்து உட்கார்ந்தார். அறிவித்தலைப் படம் எடுத்து, பெரிதாக்கி, வரி வரியாகப் படித்திருந்தார். தன் நாய் வீதியில் நாற்பது அடி அடக்கமாக வருமே தவிர, அணிலைக் கண்டால் பாயும் என்றும், ஒரு மணித்தியாலம் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தன்னிடம் கை இல்லை என்றும் சொன்னார். இந்தச் சட்டம் வந்தால் நாயைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மகள் தொலைவில், மோர்டனில், கைக்குழந்தையோடு. நாய் வேண்டாம் என்றுவிட்டாளாம். பிறகு என் கொப்பியைப் பார்த்தார்.

“நீங்கள் எண்ணினதை அப்பிடியே எழுதி அனுப்புங்கோ அண்ணை. எங்களை நம்பாயினம். நாய் வளக்காத ஆள் எழுதினா நம்புவினம்.”

பார்ப்போம் என்றேன். பின்னேரம் ஒரு பெட்டி மாம்பழத்தைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டுவந்து தந்தார். பன்னிரண்டு. இரண்டு அழுகல். மிச்சம் பத்தையும் தின்றேன்.

எழுதினேன், எழுதாமல் விடவில்லை. நாலு புள்ளடியையும் திகதி, நேரத்தோடு எழுதினேன். குழப்படி செய்யாத நாய்கள் எத்தனை என்று கவுன்சில் கேட்கவில்லை, ஆகவே அந்தப் பத்தியை விட்டுவிட்டேன். ஒரு முதியவரின் கடிதம் என்று தனியே போனால் குப்பைக்கூடைக்குள் விழும். கையொப்பங்கள் வேண்டும். எங்கள் சனத்திடம் கையொப்பம் வாங்குவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். காணாமல் போனவர்களுக்காக, சிறையில் இருப்பவர்களுக்காக, பறித்த காணிகளுக்காக என்று முப்பது வருடமாகக் கோயில் வாசலில் நீட்டிய தாளில் எல்லாம் கையொப்பம் வைத்த சனம். ஆங்கிலத்தில் ஒரு தாளும் அதன் கீழே கோடுகளும் இருந்தால் அது ஊர்ப் பிரச்சினைதான். வாசித்துப் பார்ப்பது துரோகம் மாதிரி.

மேலே மூன்று வரி அச்சடித்தேன். முதல் வரியில் பொதுமக்களின் பாதுகாப்பு. இரண்டாம் வரியில் முதியவர்களும் குழந்தைகளும். நாய் மூன்றாம் வரியில் இருந்தது. நான் எதையும் ஒளிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வரிசை மண்டபத்தைச் சுற்றி நின்றது. தாளை ஒரு மட்டையில் கிளிப்பால் மாட்டி, பேனையோடு வரிசை நெடுகப் போனேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு அம்மா பேரனுடைய பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டார். அறுபத்து மூன்று ஆன பிறகு நிமிர்ந்து பார்த்தேன். எதிரே அவர் நின்றார்.

மட்டையை இழுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போயிருக்கலாம். அதற்கு இடம் இருந்தது.

“எங்கட சனத்துக்கோ அண்ணை?” என்று கேட்டார்.

“ஓம், சனத்துக்குத்தான்.”

“அப்ப இந்தப் பொல்லை ஒருக்காப் பிடியுங்கோ.”

பொல்லை என் கையில் தந்தார். சுவரில் சாய்ந்து, ஊனக் கையால் மட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடது கையால் மெதுவாகப் பெயரை எழுதி, விலாசம் எழுதி, கையொப்பம் வைத்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. நான் பொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறுபத்து நாலு. அன்று நூற்றுப் பதினெட்டில் முடித்தேன். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது.

வசந்தத்தில், நாய்கள் கயிற்றோடு மட்டும் என்று புதிய பலகை நட்டார்கள். நாய்க்காரர்கள் முறைப்பாடு செய்தும் பலன் இல்லை. பலகை நட்ட மூன்றாம் நாள் அவர் கயிற்றை இடுப்பில் மாட்டியபடியே பூங்காவுக்குள் நடந்தார். நான் வாங்கில் இருந்தேன். அணில் ஒன்று மரத்தடியில் இறங்கியது. நாய் பாய்ந்தது. அவர் முகம் குப்புற விழுந்து, ஏழெட்டு அடி புல்லில் இழுபட்டார். நெற்றியில் ஆறு தையல். முழங்காலுக்குக் கட்டு. நாய் அவருடைய முகத்தை நக்கிக்கொண்டு நின்றதாகத் தூக்கிவிட ஓடியவர்கள் சொன்னார்கள். நான் எழும்பவில்லை. ஏற்கெனவே நாலு பேர் ஓடிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து, நெற்றியில் பிளாஸ்டரோடு தனியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கவுன்சிலைத் திட்டினார், பிறகு முன்பின் தெரியாதவர்களைத் திட்டினார்.

“ஆரோ நூறு பேருக்குமேலை கையொப்பம் வைச்சுக் குடுத்தவையாம் அண்ணை. அவை ஒரு நாய்க்கு ஒரு பிடி சோறு வைச்சிருப்பினமோ?”

“நூற்றிப் பதினெட்டு” என்றேன்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நான்தான் எடுத்தனான். நீர் அறுபத்து நாலாவது.”

சிரித்தார். “பகிடி விடாதேங்கோ.”

கோயில், வரிசை, மட்டை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். குத்துமதிப்பான கணக்கு என் காதில் விழுந்தால் திருத்தாமல் இருக்க முடியாது. அதற்கு மேல், அன்று சிரித்த வாய் மூடுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன். பார்த்தேன்.

“நாயெண்டு அதிலை இருந்ததோ?”

“மூண்டாம் வரியிலை.”

பக்கத்தில் சாத்தியிருந்த பொல்லை எடுத்தார்.

“என்ரை பொல்லைப் பிடிச்சுக்கொண்டெல்லோ நிண்டனீங்கள்” என்றார். குரல் உயரவில்லை. எழும்ப இரண்டு தரம் தெண்டித்தார். மூன்றாம் தரம் எழும்பிப் போனார்.

இரண்டு நாள் கழித்து வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அவரும் நாயும். நாய் அவருடைய காலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. அவர் கயிற்றின் நுனியை என் பக்கம் நீட்டினார்.

“உங்களுக்கு ரெண்டு கையும் சுகமா இருக்கு. காலமை அரை மணித்தியாலம் இதைப் பிடிச்சுக்கொண்டு நடவுங்கோ. எப்பிடியும் நீங்கள் பார்க்குக்குப் போறனீங்கள்தானே. நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை.”

“எனக்கு ஏலாது. சாமி படம் வைச்ச வீடு.”

“வீட்டுக்குள்ளை விடச் சொல்லேல்லை அண்ணை. என்ரை வாசல்லை வந்து எடுத்து, என்ரை வாசல்லை விடுங்கோ. இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை இதைக் குடுக்கவேணும்.”

ஏலாது என்று இன்னொரு முறை சொல்லிக் கதவைச் சாத்தினேன். திரைச்சீலை இடுக்கால் பார்த்தேன். பதினொரு நிமிடம் நின்றார்.

ஞாயிறு காலை காப்பகத்திலிருந்து ஒரு பெண் வான் வண்டியில் வந்தாள். நாய் ஒரே தாவலில் ஏறிக்கொண்டது. சவாரி என்று நினைத்திருக்கும், வாலை ஆட்டிக்கொண்டேயிருந்தது. அவள் வேறு கயிறு கொண்டுவந்திருந்தாள். பழையதை அவிழ்த்து அவருடைய கையில் கொடுத்தாள். வான் போன பிறகு அவர் தன் வீட்டுக்குள் போகவில்லை. பொல்லை ஊன்றி, ஐந்து வீடு கடந்து என் வீட்டுக்கு வந்து, அந்தக் கயிற்றை வாசல் படலையில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். நான் ஜன்னலில் நிற்பது அவருக்குத் தெரியும். ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவர் பூங்காவுக்கு வரவில்லை. அவருக்குக் காலை வணக்கம் சொன்ன அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி, நீ அவருடைய நண்பன்தானே, அவர் எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன்.

கயிறு இரண்டு நாள் படலையில் தொங்கியது. தபால்காரன் என்னிடம் நாய் இருக்கிறதா என்று கேட்டதால், கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு அதைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பிறகு குளித்தேன்.