டெய்ம்லரின் நடுக்கண்ணாடி

இங்கிலாந்தில் கவென்ட்ரியின் டெய்ம்லர் கார் தொழிற்சாலையில் வெகுகாலம் உழைத்த செட்ரிக், இப்போது அங்கே தயாரான பழைய லிமோசின் ஒன்றைக் கல்யாணங்களுக்கு ஓட்டினான். பின்சீட்டில் இருப்பவர்கள் முன்சீட்டைத் தடுக்கும் நடுக்கண்ணாடியை இறக்கிப் பேசினால்தான் டிரைவர் வாய் திறக்கலாம்.

இன்றைய மணப்பெண் மூரியல், கைக்குழந்தையாக இருந்தபோது அவன் விட்டுவிட்டுப் போன மகள். பெண் வீட்டு வாசலில் அவள் தாயைப் பார்த்ததும்தான் அவனுக்கே புரிந்தது. மூரியலுக்கு எதுவும் தெரியாது. அவளருகே அவளை வளர்த்தவர் அமர்ந்திருந்தார். கண்ணாடி இறங்கினால் சொல்லிவிடலாம் என்று செட்ரிக் காத்திருந்தான்.

தேவாலயம் தெரிந்தபோது கண்ணாடி இறங்கியது.

"டிரைவர், இன்னொரு ரவுண்டு சுத்திட்டு வரலாமா? எங்கப்பா அழுகையை நிறுத்த மாட்டேங்கறாரு. கல்யாணம் எனக்கா அவருக்கான்னே தெரியல."



"சரிங்கம்மா."

கண்ணாடி ஏறிக்கொண்டது. அவன் வண்டியைத் திருப்பினான்.