திருநள்ளாறில் விட்டுவிட்டு வரக் கூடாத ஒன்று

"வீட்டில் வண்டி இருக்கும்போது ஏன் எல்லா ஊருக்கும் பஸ்ஸிலேயே போகிறீர்கள்?" என்று இந்த வலைப்பதிவில் பலர் கேட்டிருக்கிறீர்கள். பஸ்ஸில் போனால்தான் ஊர் கண்ணில் படும் என்று இதுவரை சமாளித்து வந்தேன். அது பாதி உண்மை. மீதி இது: என் கணவர் ரவிக்கு வலிப்பு நோய் இருக்கிறது, வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கோ சைக்கிளே தகராறு. இதையெல்லாம் எழுதச் சொன்னதே அவர்தான்.

போன தை மாதம் மாமியார் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்து, "அவனுக்குச் சனி படுத்துது, ஒரு தடவை திருநள்ளாறு போயிட்டு வந்துடுங்க" என்றார். எனக்குச் சாமி மேல் நம்பிக்கை உண்டு, ஜோசியர் மேல் அரைகுறை. ஆனால் ஊர் சுற்றக் காரணம் கிடைத்தால் யார் சொன்னாலும் கேட்கிற ஆள் நான்.

நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். பீடை அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. பெட்டி கட்டும்போது அதற்கென்று ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்தார் ரவி. மூன்று வருடத்துக்கு முன் முதல் வலிப்பு வந்து வண்டியோடு விழுந்த அன்று போட்டிருந்த சட்டை அது. அதன் வலது கைப் பக்கம் கிழிந்ததற்கு நான் போட்ட தையல் இருக்கும்.

"இதைவிடக் கிழிஞ்சது பீரோவுல இருக்கே?" என்றேன்.

"இதுதான் சரி," என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கும்பகோணத்தில் பஸ் ஏறினோம். பேரளம், அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்கால், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வழியெல்லாம் சம்பா அறுவடை, ரோட்டிலேயே வைக்கோல். புதுச்சேரி எல்லைக்குள் வந்துவிட்டதை மதுக்கடைப் பலகைகளே சொல்லிவிடும், வேறு அறிவிப்பு தேவையில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே எண்ணூறு ரூபாய்க்கு அறை கிடைத்தது. காலை எட்டு, இரவு எட்டு என்று இவருக்கு இரண்டு வேளை மாத்திரை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் போடுவார். வீட்டிலும் அப்படித்தான். அன்றும் போய்விட்டு வந்தார்.

சனிக்கிழமை விடியலில் ஆட்டோவில் திருநள்ளாறு போனோம். ஐந்து கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். நல்லெண்ணெய் குளத்தருகிலேயே விற்கிறார்கள். துணியைத் தண்ணீருக்குள் விடாமல் கரையில் அதற்கென்று உள்ள இடத்தில் போடச் சொல்கிறார்கள், அப்படியே செய்யுங்கள். ரவி ஒவ்வொரு தடவை முழுகி எழுந்தபோதும் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நாளாகியிருந்தது, எனக்கு மனசு நிறைந்து போயிற்று. அப்புறம் விநாயகருக்குத் தேங்காய் உடைத்து வரிசையில் நின்றோம். சனிக்கிழமை கூட்டம் தெரிந்ததுதானே, நகரவே இல்லை.

எட்டு மணிக்கு வரிசையிலேயே கைப்பையைத் துழாவினேன். மாத்திரை அட்டையும் மருந்துச் சீட்டும் வைத்திருந்த சின்ன உறை இல்லை. "ரூம்ல இருக்கும்" என்றார் ரவி. தரிசனம் முடித்து அறைக்கு ஓடி, கட்டிலைத் தூக்காத குறையாகத் தேடினேன். கடைசியில் அவரே, "சட்டைப் பையில வச்சேன். மறந்து அதோட விட்டுட்டேன் போல" என்றார்.

"வாங்க, போய்த் தேடலாம்."

"அங்க விட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாதுடி."

சாஸ்திரம் பேசுகிற ஆளே இல்லை அவர். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவசரத்தில் உறைக்கவில்லை.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை. கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலியோடு ஒரு பெண் இருந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும். மருந்துச் சீட்டின் படம் என் செல்பேசியில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதே பேருல என்கிட்ட இருக்குக்கா. ஆனா சாதா மாத்திரை. சார் போடுறது மெதுவா கரையிறது. பேரு ஒண்ணா இருக்கேன்னு மாத்தித் தர முடியாதுங்க" என்றார். ஆஸ்பத்திரிப் பக்கம் உள்ள கடைக்குப் போன் போட்டார். அங்கே இருந்தது. எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு ரவியைப் பார்த்தார்.

"எத்தனை வேளை விட்டுப்போச்சு சார்?"

"இன்னிக்குக் காலைல ஒண்ணுதாங்க," என்று நான் முந்திக்கொண்டேன்.

"சார் சொல்லட்டும்கா. சரியா தெரிஞ்சாத்தான் டாக்டர்கிட்ட சொல்ல முடியும்."

ரவி கண்ணாடி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நேத்து ராத்திரியும் போடலைங்க. தொலையலை. நானாத்தான் சட்டைல வச்சு விட்டுட்டு வந்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. மாத்திரை போடாமல் அந்த மனிதர் குளத்தில் முழுகியிருக்கிறார். தண்ணீருக்குள் வலிப்பு வந்திருந்தால்? அத்தனை பேர் முழுகுகிற இடத்தில் ஒரு தலை மேலே வராததை யார் கவனிப்பார்கள்? நான் கரையில் நின்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டல்லவா இருந்தேன். அந்தப் பெண் எனக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

கும்பகோணத்து டாக்டருக்கு அங்கிருந்தே போன் செய்தோம். ரவியைத்தான் பேசச் சொன்னேன். அதே மாத்திரையை வாங்கி இப்போது ஒரு வேளை அளவு மட்டும் போட வேண்டும், விட்டதையும் சேர்த்து இரண்டாகப் போடவே கூடாது, இன்றும் நாளையும் தனியாக இருக்கக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது, வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி, ஊருக்கு வந்ததும் நேரில் வர வேண்டும் என்றார். ஆஸ்பத்திரிக் கடைக்குப் போய் அங்கேயே தண்ணீர் வாங்கி, ஒளியாமல் மறையாமல் என் கண் முன்னால் போட்டார்.

மதியம் முழுக்க அறையில் படுத்திருந்தார், நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்குக் கடற்கரைக்குப் போய் மணலில் தள்ளியே உட்கார்ந்தோம். சுண்டல் இருபது ரூபாய், காரம் சரியாக இருந்தது.

"ரெண்டு வருஷமா வரலை. வியாதி போயிடுச்சோ என்னமோ, மாத்திரைதான் அதை ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்குன்னு தோணுச்சு," என்றார். "சட்டையோட அதையும் விட்டுட்டா, பழைய ஆளா திரும்பி வரலாம்னு பாத்தேன்."

"மாத்திரை போட்டதாலதாங்க வரலை."

"தெரியும். தெரிஞ்சேதான் பண்ணேன்."

மாத்திரை ஒரு வாய்த் தண்ணீரில் இறங்கிவிடும். வாழ்நாள் முழுக்க நோயாளி என்று தினம் இரண்டு தடவை தனக்கே சொல்லிக்கொள்வதுதான் அவருக்குத் தொண்டையில் நின்றிருக்கிறது. குளியலறைக் கதவுக்குப் பின்னால் அதைத் தனியாகவே விழுங்கியிருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தினம் மாத்திரை போடுகிற யாராவது திருநள்ளாறு கிளம்பினால்: மாத்திரையை இரண்டு பையில் பிரித்து வையுங்கள், ஒன்று கூட வருபவரிடம் இருக்கட்டும். அட்டையிலிருந்து உதிர்க்காதீர்கள். மருந்துச் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது என்று கிளம்புமுன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா மருந்துக்கும் ஒரே பதில் கிடையாது. நிறுத்த ஆசையாக இருந்தால் அதையும் டாக்டரிடமே சொல்லுங்கள், சட்டையிடம் அல்ல. வலிப்பு உள்ளவர்கள் குளத்தில் முழுகலாமா என்றும் முதலில் கேட்டுவிடுங்கள். நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. சொம்பில் தண்ணீர் மொண்டு கரையில் ஊற்றிக்கொண்டால் சனீஸ்வரன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன்.

திரும்புகிற பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு, ஜன்னல் பக்கம் ஒரு பெரியவர், நடுவில் ரவி. பேரளம் தாண்டும்போது அன்று இரவு எட்டு மணி. ரவி சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து என்னிடம் தண்ணீர் கேட்டார். வழக்கமாகக் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியம்.

"தலைவலிங்களா?" என்றார் பெரியவர்.

"இல்லைங்க. வலிப்புக்கு. தினம் போடணும்," என்றார் ரவி. பக்கத்துச் சீட்டுக்கே கேட்டிருக்கும்.

"சித்த இருங்க, பஸ்சு ஆடுது. நின்னதும் போடுங்க," என்றார் பெரியவர். அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றதும் அவரே, "ம், இப்ப போடுங்க" என்றார்.