தனகோடி பார்த்த டிகிரி

மரக்காணம் உப்பளத்தில் தனகோடிக்கு வாய்த் துடுக்கு அதிகம் என்று பெயர். பொய் சொல்வாள் என்று மட்டும் அவளுக்கு ஆகாதவர்கள்கூடச் சொன்னதில்லை. ஜெர்மனிக்காரர்கள்தான் முதலில் சொன்னார்கள். படித்தவர்கள் இல்லையா, நாசூக்காகச் சொன்னார்கள்.

உப்பு விளையும் பாத்தியில் சில சமயம் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறத்தைக் கொடுக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை ஆராய நம் நாடும் ஜெர்மனியும் கூட்டுச் சேர்ந்தன. சென்னையிலிருந்து ரேகா, அங்கிருந்து அன்னா. தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளக்கும் கருவி ஒன்று விமானத்தில் வந்து பாத்தியில் நின்றது. பத்தாம் நாள் அதன்மேல் உப்புப் பூத்து, கருவி கண்ணை மூடிவிட்டது. மாற்றுக் கருவி வரும்வரை சூட்டையாவது எழுதி வைக்கலாம் என்று நினைத்த ரேகா, இருபது வருடமாக உப்பு வாரும் தனகோடியிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாள்.

"தினமும் மத்தியானம் டிகிரி பார்த்து எழுதுங்கக்கா. அளக்கறதுக்கு ஒண்ணு அனுப்பட்டுமா?"

"அதெல்லாம் உப்பளத்துலயே இருக்குதும்மா. நீ கவலைப்படாத."

தனகோடி அந்த நோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டாள். மகள் சங்கீதாவின் வளைகாப்பு அன்றுகூட, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நடந்துபோய் அளந்துவிட்டு வந்தாள். சம்பந்தி வீட்டார் முகம் சுளித்ததை அவள் சட்டை செய்யவில்லை.

மூன்று மாதம் கழித்து, சங்கீதா போனில் படமெடுத்து அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பார்த்துவிட்டு ரேகா போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. மே மாசம் உச்சி வெயில்ல இருபத்தி நாலு டிகிரின்னு எழுதியிருக்கீங்க. வீட்டுல உக்காந்து எழுதினதோன்னு செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் மீட்டிங்குல ஜெர்மனிக்காரங்க சந்தேகப்படறாங்க. நாளைக்கு அன்னாவோட வர்றேன். சரியா வரலேன்னா நோட்டையே ஒதுக்கிடுவாங்க."

தனகோடிக்கு அன்று சோறு இறங்கவில்லை. "இருபத்தி நாலுன்னா இருபத்தி நாலுதான எழுதணும்? அவங்க ஆசைக்கு நூறுன்னா எழுத முடியும்?" என்று புருஷன் காசிலிங்கத்தின்மேல் எரிந்து விழுந்தாள். அந்த மனுஷன் பாவம், குழம்பில் உப்பு இல்லை என்று சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

மறுநாள் இருவரும் வந்து இறங்கினார்கள். தனகோடி "வாங்க" என்று ஒற்றை வார்த்தையோடு நிறுத்திக்கொண்டு, பாத்தித் தண்ணீரை ஒரு உயரமான குவளையில் மொண்டாள். கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை அதில் மிதக்கவிட்டாள்.

"வந்து பாருங்க. நான் எழுதினேனா, தண்ணி எழுதுச்சா?"

குழாய் இருபத்து நாலில் நின்றது. அன்னா தன் வெப்பமானியை அதே தண்ணீரில் வைத்தாள். முப்பத்தொன்பது.

ரேகா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, இது எதோட டிகிரி?"

"உப்போட டிகிரி. தண்ணியில உப்பு ஏற ஏற குழாய் மேல எழும்பும். அளத்துல வேற எதைப் பாப்பாங்க? சூட்டைப் பாக்கத்தான் காலு இருக்குதே."

ரேகா தலையில் கைவைத்துக்கொண்டாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதும் அன்னாவின் முகம் சிவந்தது. வெயில்மேல் பழி போட முடியாத சிவப்பு. கருவி செத்த நாளிலிருந்து தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று தெரியாமல்தான் அவள் தவித்துக்கொண்டிருந்தாள். வெயில் எவ்வளவு என்று வானிலைக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். உப்பின் அளவு இந்த நோட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, வரப்பிலேயே உட்கார்ந்து, பக்கம் விடாமல் படித்தாள். பிறகு தமிழில் எப்படிச் சொல்வதென்று ரேகாவிடம் கேட்டுக்கொண்டு, திக்கித் திக்கி, "மன்னிச்சிடுங்க அக்கா" என்றாள்.

தனகோடிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"ரெண்டு நாடும் கம்ப்யூட்டர்ல உக்காந்து என்னப் பத்திப் பேசினீங்களே, அதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

ரேகா அதை ஆங்கிலத்தில் சொன்னதும், இனிமேல் கூட்டத்தில் அக்காவும் இருக்கட்டும் என்றாள் அன்னா.

அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் தனகோடியும் இருந்தாள், பாத்தி வரப்பில் நின்றபடி, சங்கீதாவின் போனில். திரையில் ஏழெட்டு முகங்கள். ஜெர்மனியிலிருந்து நரைத்த தலைக்காரர் ஒருவர் முதல் கேள்வியையே அவளிடம் கேட்டார்.

"இன்னைக்கு எத்தனை டிகிரின்னு கேக்கறாருக்கா" என்றாள் ரேகா.

தனகோடி குழாயைப் பார்த்தாள்.

"எந்த டிகிரின்னு மொதல்ல அவரைக் கேளும்மா."