காலில் கட்டிய அரிசி

என் வீட்டுக்காரருக்குக் கால் பெருவிரல் மூட்டுல வந்த வாதத்தை நான் சோம்பேறித்தனம்னு நெனச்சேன். எழுத வெக்கமாத்தான் இருக்கு. இருந்தாலும் இதை நான் எழுதாம வேற யார் எழுதுறது?

அப்ப மலாயாவுல வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல எங்களுக்கு லயத்து வீடு. லயத்தைச் சுத்தி முள்கம்பி வேலி போட்டு, கேட்டுல மாத்தா மாத்தாவை, அதான் போலீஸை, நிறுத்தியிருந்தாங்க. விடிஞ்சு போலீஸ்காரன் கேட்டைத் திறந்தாத்தான் பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கு எடுக்குற இடத்துக்கு, போய்ப் பேர் கொடுத்துட்டு, பட்டையைக் கீறிப் பால் எடுக்குற மரவெட்டுக்குப் போகலாம். சோறு, அரிசி, மாவு எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. காட்டுல இருக்குற கம்யூனிஸ்டுக்குப் போயிரும்னு சந்தேகம். அதனால பச்சைத் தண்ணியைக் குடிச்சுட்டு மத்தியானம் வரைக்கும் வெட்டுவோம்.

காலையில எழுந்ததும் இவரால காலை ஊன்ற முடியாது. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டிப் போவார். பெரட்டுக்குக் கடைசி ஆளா போய் நிப்பார், கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவார். ஆனா பத்து மணிக்குப் பார்த்தா பால் வாளியைத் தூக்கிக்கிட்டு ஓரளவு நல்லாவே நடப்பார். எனக்குப் பத்திக்கிட்டு வரும். "வலிக்குது புள்ள"ன்னு ஒருநாள் சொன்னார். "வேலைக் கள்ளிக்குப் புள்ள மேல சாக்கு, உங்களுக்குக் கால் மேலயா?"ன்னு லயமே கேக்குற மாதிரி கேட்டேன். அதுக்கப்புறம் அவர் வலியைப் பத்தி வாயே திறக்கல.

இன்னும் ஒரு வாட்டி பிந்தினா பேரை வெட்டிருவேன்னு கங்காணி ஒருநாள் சொல்லிட்டார். பேரை வெட்டினா வீடும் போயிரும். கைப்புள்ளையை வச்சுக்கிட்டு எங்க போறது? ஒத்தடம் கொடுத்துப் பாருன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. தவிடு கிடைக்கல. கூப்பன் அரிசியில ரெண்டு பிடி எடுத்துச் சட்டியில வறுத்து, பழைய வேட்டித் துணியில முடிஞ்சு மூட்டு மேல வச்சேன். நெசமாவே இளகுச்சு. அன்னைக்கு அவர் நேரத்தோட பெரட்டுக்குப் போனார்.

மறுநாளும் ஒத்தடம் கொடுத்ததும், முடிச்சை எடுக்கப் போனவரை நான்தான் தடுத்தேன். நடக்கும்போதும் சூடு இருக்கட்டும்னு காலோட சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டேன். எனக்கு அது மருந்து. அரிசிங்கிற நெனப்பே வரல.

கேட்டுல போலீஸ்காரன் கட்டைத் தடவிப் பார்த்தான். அவிழ்த்தான். அரிசி தரையில கொட்டுச்சு. யார் கட்டினதுன்னு மலாய்ல கேட்டான். நான் பொம்பளைங்க வரிசையில நின்னுக்கிட்டு இருந்தேன். வாயைத் திறக்குறதுக்குள்ள இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நானேதான்"ன்னு சொல்லிட்டார். நான் பேசாம நின்னேன். பயம், வேற என்ன சொல்றது. லாரியில ஏறக் காலைத் தூக்க முடியாம தடுமாறினவரை ரெண்டு பேர் இழுத்துப் போட்டுக்கிட்டுப் போனாங்க.

தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து கொடுக்குற டிரெஸர்கிட்ட ஓடினேன். நடந்ததைச் சொல்லி அழுதேன். "உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை இங்க வந்திருக்காரும்மா, உங்களுக்குத் தெரியாதா?"ன்னு கேட்டார். தெரியாது. "மூட்டுக்குள்ளயே வீக்கம். அசையாம படுத்துக் கிடந்தா இறுகிப் போயிரும். நடக்க நடக்கக் கொஞ்சம் விடும். இந்த நோயே அப்படித்தான், நடிப்பு இல்ல"ன்னார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க. இதை எழுதுற இந்த வயசுல என் காலுக்கும் அதே வாதம் வந்திருக்கு, நல்லாவே தெரியுது.

அது ஒத்தடம்தான்னு டிரெஸர் ஸ்டேஷனுக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்தார். பதினோரு நாள் கழிச்சு விட்டாங்க. சிமெண்டுத் தரையில படுத்துக் கால் பூசணிக்காயாட்டம் வீங்கியிருந்துச்சு. வெந்நீர்ல காலை வைக்கணும், எழுந்திரிக்க முன்னாடி விரலை மெல்ல அசைக்கணும், காலுக்குப் போடுற சப்பாத்துல மூட்டு படுற இடத்தை வெட்டி விடணும்னு டிரெஸர் சொன்னார். எல்லாம் செஞ்சேன். வலி குறைஞ்சுச்சு. ஆனா அந்த விரல் அப்புறம் மடங்கவே இல்ல. மரம் வெட்டவும் அவர் போகல. பால் கொட்டாயில உக்காந்து செய்யிற வேலையாக் கொடுத்தாங்க, சம்பளம் குறைவு.

வந்த மறுநாள் காலையில அவர் காலை வெந்நீர்ல வச்சுத் தேய்ச்சுக்கிட்டே கேட்டேன். "நான் கட்டினேன்னு ஏங்க சொல்லல?"

"ரெண்டு பேரும் உள்ள போயிட்டா புள்ளைக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

"எல்லாம் என்னாலதான்."

"அரிசியை விடு. ஒத்தடம் கட்டும்போது அது யாருக்கும் தோணாது"ன்னார். அப்புறம் சொன்னார்: "வலிக்குதுன்னு நான் சொன்னப்ப நீ நம்பியிருந்தா போதும் புள்ள."

அவர் கோபமாச் சொல்லல. எனக்கு அதுதான் தாங்க முடியல. தண்ணி ஆறிப் போனதுகூடத் தெரியாம, அவர் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.