தண்டல் செய்த சுவர் அலமாரி

எங்கள் அப்பா தன் ஆயுளில் செய்த மரச்சாமான் ஒன்றே ஒன்றுதான். அதுவும் சுவரோடு சேர்த்துப் பொருத்திய அலமாரி. அதைப் பார்க்க வந்தவர்கள் யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. இது என்ன வாடை என்றுதான் கேட்டார்கள்.

அப்பாவுக்குத் தோணியில் தண்டல் வேலை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பாய்த்தோணியில் மற்றவர்களை ஏவி ஓட்டிச்செல்கிறவர். காற்று முறுகினால் அவர் போடுகிற சத்தத்தில் ஆட்கள் நடுங்கிப்போவார்களாம். வீட்டில் அந்த வாய் சோறு தின்ன மட்டும்தான் திறக்கும்.

அப்போது அத்தை எங்களோடு இருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமான மறுவருஷமே மாமா கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். வீடு பார்த்ததும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று போனவர், நடுவில் உலகச் சண்டை வந்து, அது முடிந்த பிறகும் கூப்பிட்டபாடில்லை. அத்தை நம்பிக்கையை விடவில்லை. அவளுடைய துணிமணியெல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் பூட்டியபடியே இருக்கும். கொழும்புத் தோணி கரைக்கு வந்தது என்று காதில் விழுந்தால் போதும், பெட்டியைத் திறந்து சேலைகளை உதறி, மறுபடி மடித்து வைத்துப் பூட்டுவாள். கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்குக் கண் மூடித் திறக்கிற பொம்மை அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். ஆகவே அவள் எப்போது கிளம்புவாள் என்று அவளைவிட நான்தான் அதிகமாகத் தவித்தேன்.

ஒரு ஆடி மாதம். அப்பா கொழும்பிலிருந்து திரும்பியிருந்தார். தோணியைப் பழுதுபார்க்கக் கரையேற்றியிருந்தார்கள். சில நாள் யாரோடும் பேசாமல் சுற்றினார். பிறகு திடீரென்று தோணி ஆசாரியிடம் உளியும் ரம்பமும் இழைப்புளியும் இரவல் வாங்கி வந்தார். உடைத்துப்போட்ட பழைய தோணி ஒன்றின் பலகைகளைக் கொண்டுவந்து முற்றத்தில் அடுக்கினார். தங்கச்சியின் பெட்டி தரையில் கிடந்து துருப்பிடிக்கிறது, அவளுக்கு ஓர் அலமாரி செய்யப்போகிறேன் என்றார். அத்தை படுக்கிற அறையில், முன்பு அடுத்த அறைக்குப் போகிற வாசல் ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்தில் கல் வைத்து அடைத்துவிட்டதால், இந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் குழிவாக இருக்கும். அதற்குள் அலமாரியைப் பொருத்துவதாகத் திட்டம்.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு என்னத்துக்குண்ணே அலமாரி? நான் இன்னைக்கோ நாளைக்கோ கெளம்புதவ. செய்யதுன்னா நாலு காலு வச்சுச் செய்யுங்க. போம்போது ஒங்க தோணியிலயே ஏத்தி அனுப்பிருங்க."

"சொவத்தோட சேத்துத்தான் செய்வேன்," என்றார் அப்பா.

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அப்பாவின் மேல் கோபம். நகர்த்த முடியாத ஒன்றைச் செய்து கொடுப்பதும் ஒரு கொடையா?

அந்தப் பயணத்தில் அப்பா, மாமா வேலை பார்த்த கடையை விசாரித்துப் போயிருக்கிறார். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டு வாசலில் மாமா ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாராம். உள்ளேயிருந்து ஒரு பெண் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாளாம். அப்பா வாய் திறக்காமல் திரும்பிவிட்டார். இதெல்லாம் என் கல்யாணத்துக்குப் பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அலமாரி வேலை நடந்தபோது அம்மாவுக்குமே தெரியாது. அவள் பாட்டுக்கு அப்பாவைக் கேலி செய்துகொண்டிருந்தாள்.

கேலிக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் அப்பா ஒரு சட்டத்தை உயர்த்தி அடித்திருந்தார். தோணியில் தட்டுமுட்டுச் சாமான் உருளாமல் இருக்க அப்படித்தான் அடிப்பார்களாம்.

"வீடு எந்த அலையில ஆடப்போவுது?" என்று அம்மா கேட்டாள்.

பலகை உளுக்காமல் இருக்க, தோணிக்குப் பூசுவதுபோலவே சாளை மீன் எண்ணெயைக் காய்ச்சிப் பூசினார். தெருவிலிருந்த பூனைகள் எல்லாம் முற்றத்துக்குக் குடிவந்துவிட்டன.

பெரிய பிசகு கடைசியில்தான் தெரிந்தது. அப்பா அறிந்த மரவேலையெல்லாம் நடுக்கடலில் அவசரத்துக்குச் செய்கிற பழுதுவேலை. ஆடுகிற தோணியில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு நேர் பார்க்க முடியுமா? அடியில் ஓர் அளவு எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கண்மதிப்பில் ஒப்பேற்றுவார்கள். அந்தப் பழக்கத்தில் அவர் குழிவின் அடிப்பக்கத்தை மட்டும் அளந்திருந்தார். சுவரோ மேலே போகப்போக உள்ளே சாய்ந்திருந்தது. அலமாரிக் கூட்டைத் தூக்கி நிறுத்தினால், அடி சமர்த்தாக நுழைந்தது, தலை இடித்துக்கொண்டு நின்றது.

அன்று அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். அப்பா தள்ளிப் பார்த்தார், தோளால் முட்டிப் பார்த்தார். பிறகு அதன் முன்னாலேயே தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது. ஓர் அலமாரி நுழையவில்லை என்பதற்காக ஓர் ஆம்பிளை அழுவாரா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அத்தை வாசல்படியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க அங்கன அவுகளப் பாத்தீங்களா?" என்றாள்.

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அத்தையைப் பார்க்கவில்லை. எழுந்து இழைப்புளியைக் கையில் எடுத்தார்.

"அந்தப் பக்கம் புடி, தங்கச்சி."

மாமாவைப் பற்றிக் கேட்டால் மரத்தைப் பிடிக்கச் சொல்கிறாரே, இவர் என்ன மனுஷர் என்று நினைத்தேன். அத்தை போய்க் கூட்டைப் பிடித்தாள். அப்பா தலைப்பக்கத்தை இழைக்க இழைக்கச் சுருள்கள் அவள் காலடியில் விழுந்தன. ஒரு சுருளைக்கூட அவள் குனிந்து பார்க்கவில்லை. இருவருமாகத் தள்ளியதும் கூடு முனகிக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தது.

சுவரில் பதித்திருந்த மரக்கட்டைகளோடு சேர்த்து அப்பா ஆணி அறையத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தைக்கு நல்லது செய்கிற எண்ணத்தில் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தேன்.

"அடிக்காதீங்கப்பா! மாமா கூப்பிட்டு அத்தை போம்போது இத எப்படிக் கழட்டுதது?"

அப்பாவின் சுத்தியல் அப்படியே நின்றுவிட்டது. அத்தைதான் என் விரல்களை ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து விடுவித்தாள். ஆணிக் கிண்ணத்துக்குள் துழாவி வேறோர் ஆணியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அது சின்னதுண்ணே. பெருசா அடிங்க."

பெரிய ஆணி அடித்தால் கழற்றுவது இன்னும் கஷ்டமாயிற்றே! இதுகூடத் தெரியாமல் இந்த அத்தை கொழும்புக்குப் போய் எப்படித்தான் குடித்தனம் நடத்தப்போகிறாளோ என்று எனக்கு அவள்மேல் ஒரே எரிச்சல்.