கிடாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நான்

கிடாரையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து வைப்பது கல்யாணத் தரகு மாதிரியான தொழில். ரெண்டு பக்கமும் குறை இருக்காது, பேச்சு மட்டும் ஒத்து வராது. வீட்டிலேயே ஒரு மூலையை ஒதுக்கி ரிக்கார்டிங் செய்கிற புண்ணியவான்களே, உங்களுக்கு இது தெரியாததில்லை.

சுருளிப்பட்டியில் வீட்டோடு சேர்ந்த எங்கள் ஜெராக்ஸ் கடையின் பின்னறையில், ஆட்டோவில் கட்டி ஓட்டுகிற விளம்பரங்களுக்குக் குரல் பதிந்துகொண்டிருந்தவள் நான். கிடார் பக்கம் இழுத்து விட்டது ஜெசிந்தா. வாரநாளில் திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பாள். கோட்டயத்தில் பெண்களே நடத்துகிற இசைக்குழு ஒன்று கிடாருக்கு ஆள் தேடியது. வாசித்ததைப் பதிந்து சனிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். பிடித்துவிட்டால் அவளுக்குக் கிடாரே வேலை.

மூக்கடைப்பு

கிடார் வயரின் முனை பென்சில் பருமன். லேப்டாப்பின் மைக் ஓட்டை தீக்குச்சி பருமன். நடுவில் ஒரு மாற்றுப் பின்னைப் போட்டுச் சொருகிவிட்டேன், அவ்வளவுதானே என்று. வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கிடாருக்கு ஜலதோசமாக்கா?" என்றாள் ஜெசி.

கிடார் சத்தத்தை வாங்கிக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி கொடுக்க 'இன்டர்ஃபேஸ்' என்று தனியாக ஒரு பெட்டி வேண்டுமாம். தேனியில் கச்சேரி நடத்துகிற ஒருவரிடம் இரவல் கேட்டிருக்கிறேன் என்று விளக்கினேன். ஜெசி தலையை ஆட்டினாள்: "அப்ப ஜலதோசம் இல்ல, மூக்கே இல்ல."

தாமதம்

பெட்டி வந்தது. சத்தம் கணீரென்று வந்தது, ஆனால் கம்பியைத் தட்டி முடித்த பிறகு வந்தது. ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வாசித்தால் கை தானாக நின்றுவிடுகிறது.

செட்டிங்கில் 'பஃபர்' என்று ஒரு எண் இருக்கிறது. அதைக் குறைத்தால் தாமதம் குறையும். ஆசைப்பட்டு ரொம்பக் குறைத்தேன். எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி பட்பட்டென்று வெடித்தது. ஏற்றி இறக்கி ஒரு நடுவாந்திரத்தில் நிறுத்தினேன். ஜெசி வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இம்புட்டு நேரம் மேகமலை ஏறி எறங்கி வந்துச்சுக்கா. இப்பத்தான் பக்கத்துல, சின்னமனூருல இருந்து வருது."

சிவப்பு விளக்கு

பெட்டியில் ஒரு திருகு உண்டு. அளவாகத் திருகினால் பச்சை எரியும், அதிகமானால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் சத்தம் கிழிந்து போச்சு என்று அர்த்தம், பிறகு சரிசெய்ய முடியாது. நான் என் பாப்பாவுக்குச் சோறூட்டப் போன நேரத்தில் ஜெசி தனியாக ஒரு பாட்டு முழுக்கப் பதிந்து வைத்திருந்தாள். தொடக்கம் முதல் முடிவு வரைக்கும் சிவப்பு. பழைய துணி கிழிகிற மாதிரி சத்தம்.

"ஏ புள்ள, செவப்பு எரியுதே, பாக்கலையா?" என்றேன். பாவம், தோட்டத்து மோட்டார் ரூமில் மூணு பேஸ் கரண்ட் வந்தால் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தே வளர்ந்தவள். "பாத்தேங்க்கா. எரியலேன்னாத்தான கவலப்படணும்?"

பாப்பாவும் பாடினாள்

அடுத்த நாள் ஜெசி நன்றாக வாசித்துக்கொண்டிருக்கும்போது என் மகள் வீல் என்று அழுதாள். ஜெசி பதறி நிறுத்தப் போனாள். வாசி, வாசி என்று கையைக் காட்டினேன். கிடார் நேராக வயர் வழியாகப் போகிறது, மைக்கே கிடையாது. வீடே இடிந்தாலும் பதிவில் விழாது. விளம்பரம் பதிகிற காலத்தில் பிள்ளையைத் தூங்க வைக்க நான் பட்ட பாட்டுக்கு இது எவ்வளவு பெரிய வரம்!

இதைப் பெருமையாக எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ராத்திரியெல்லாம் ஜீப் ஓட்டிவிட்டு வந்து படுத்தவர், கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அப்ப அந்த வயர என் காதுலயும் மாட்டி விடு."

தண்ணீர் முறை

சனிக்கிழமை காலை. இன்று விட்டால் போச்சு. ஜெசி உட்கார்ந்ததும் கிடாரில் 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பக்கத்துத் தோட்டத்தில் ராவுத்தர் அண்ணனின் மோட்டார் ஓடுகிறது. அதுவும் எங்கள் வீடும் ஒரே கரண்ட் லைன். ஓடிப்போய்க் கேட்டேன். "கரண்டு மத்தியானம் போயிரும் தாயி. கொடியெல்லாம் வாடிக் கெடக்கு, எப்பிடி நிறுத்த?" என்றாக. அதுவும் நியாயம்தான்.

திரும்பி வந்து ஜெசியை நாற்காலியோடு திருப்பினேன். கிடார் பார்க்கும் திசை மாறினால் இரைச்சல் குறையும். அடுப்படியைப் பார்த்து உட்கார்ந்தபோது பாதியானது, மீதி போகவில்லை. ஜெசிக்குக் கண் கலங்கிவிட்டது. வருவது வரட்டும், வாசி என்று பதிவை ஓட்டினேன்.

அவள் முதல் கம்பியைத் தொடுகிற நேரத்தில் இரைச்சல் அறுந்து விழுந்த மாதிரி நின்றது. கரண்டே போச்சோ என்று மேலே பார்த்தேன், பேன் சுற்றுகிறது. ஜெசி எதையும் கவனிக்காமல் ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். ஒரு பிசிறு இல்லை. சன்னலைத் திறந்தால், கையில் மண்வெட்டியோடு ராவுத்தர் அண்ணன் நிற்கிறாக. "முடிஞ்சதா? முடிஞ்சதுன்னா சொல்லுங்கத்தா, ஓடிப்போயி மோட்டாரப் போடணும்."

கோட்டயத்துப் போன்

அன்றே அனுப்பினோம். பதில் புதன்கிழமை வந்தது. பேசியது குழுத் தலைவி சேச்சி. எல்லைப் பக்கத்து ஊர் என்பதால் எங்களுக்கு மலையாளம் பாதி புரியும், மீதியை முகத்தை வைத்துப் புரிந்துகொள்வோம். போனில் முகமும் இல்லை. புரிந்தது இதுதான்: வாசிப்பு 'கொள்ளாம்', அதாவது நன்றாக இருக்கிறது, அடுத்த மாதம் கிடாரோடு பயிற்சிக்கு வா, பிறகு பார்ப்போம்.

போனை வைத்துவிட்டு ஜெசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாப்போம்னா, வேணாம்னு சொல்லலேல்லக்கா?"

கிடாரைக் கம்ப்யூட்டரில் சேர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை செல்போனை வெறித்துக்கொண்டே சோறாக்குவதற்குத்தான் தனிப் பயிற்சி வேண்டியிருக்கிறது.