கழக்கூட்டம் வரை ஒரு கிறிஸ்துமஸ் ரயில்

கரித்தூளும் உலர்ந்த திராட்சையும் ஒரே கடியில் நாக்கில் பட்டால் எப்படி இருக்கும் என்று இன்றைய குழந்தைகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், எட்டு வயதில், முட்டை சேர்த்த கிறிஸ்துமஸ் கேக்கை, ஓடும் ரயிலின் சன்னலோரத்தில் உட்கார்ந்து வாய்நிறையத் தின்றவள் நான். அதற்காக இன்றுவரை ஒரு கணமும் வருந்தியதில்லை.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். திருவனந்தபுரத்தில், வலியசாலை அக்கிரகாரத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்பதால் அம்மா, நான், நாலு வயதுத் தம்பி குஞ்சு மூவரும் பெரியப்பாவின் ஆட்சியில் இருந்தோம். ஆட்சி என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பெரியப்பாவின் தங்கை விசாலம் அத்தையும் அங்கேதான் இருந்தாள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள், அடுக்களையோடு முடிந்துபோக மாட்டேன் என்று அடம்பிடித்துப் படித்து, கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் சின்னக் குழந்தைகளுக்கு டீச்சரானாள். பெரியப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "அந்த ஸ்கூல் சமாசாரம் ஒண்ணும் நம்மாத்து வாசப்படி தாண்டப்படாது. தாண்டித்தோ, அன்னியோட வேலையை மதியாக்கிக்கோ." மதியாக்குவது என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் நிறுத்திவிடுவது.

அந்த மார்கழியில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின நாள், அத்தையின் வகுப்புக் குழந்தைகளைத் தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து கழக்கூட்டம் வரை ரயிலில் கூட்டிப்போய் வருவதென்று பள்ளியில் முடிவாயிற்று. டீச்சர்மார் தங்கள் பிள்ளைகளையும் அழைத்து வரலாம் என்றார்கள். அத்தை எங்கள் இருவர் பேரையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

"உனக்கேது பிள்ளைகள்?" என்றார் பெரியப்பா. கேட்கக் கூடாத கேள்வி. மாவரைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே அத்தை, "இந்த ஆத்திலே ரெண்டு ஓடிண்டிருக்கே அண்ணா, உங்க கண்ணிலே படலையா?" என்றாள். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

ரயிலில் போனால் "விழுப்பு", அதாவது தீட்டு; கொல்லை வழியாக வந்து, கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்று சொல்லிப் பெரியப்பா அரைமனதாக அனுப்பினார். அவரும் கோர்ட்டு வேலையாக அதே ரயிலில் அடிக்கடி கொல்லத்துக்குப் போய்வருகிறவர்தான். அவர் மட்டும் காலைக் கழுவிக்கொண்டால் போதும். இந்த நியாயம் எனக்கு அப்போது புரியவில்லை; இப்போது நன்றாகவே புரிகிறது.

பெட்டியின் சன்னல்களிலெல்லாம் வர்ணக் காகித நட்சத்திரங்கள் தொங்கின. பள்ளிக் காவற்காரர் பஞ்சுத் தாடியை ஒட்டிக்கொண்டு "கிறிஸ்மஸ் அப்பூப்ப"னாக, அதாவது கிறிஸ்துமஸ் தாத்தாவாக வந்தார். எஞ்சின் குலுங்கும்போதெல்லாம் தாடி நழுவிக் கழுத்துக்கு வர, அவர் அதைத் தூக்கிவிட, பெட்டி முழுவதும் கூச்சலும் சிரிப்பும். கழக்கூட்டத்தில் அன்றைக்குத் தென்னையையும் தாழம்புதரையும் தவிர ஒன்றும் கிடையாது. இறங்கி, ஸ்டேஷன் மரத்தடியில் ஆடிவிட்டு, அடுத்த வண்டியில் ஏறினோம். திரும்பும்போதுதான் ஒரு கன்னியாஸ்திரீ சிவப்புக் காகிதத்தில் சுற்றிய கேக்கை ஆளுக்கொன்று கொடுத்தார். "முட்டை உண்டு, அதைச் சொல்லிட்டேன். தின்னறதும் தின்னாததும் உங்க இஷ்டம்" என்றாள் அத்தை. நான் தின்றேன். குஞ்சு தின்னாமல் கையிலேயே பொத்தி வைத்திருந்தான். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தோம்.

வீட்டுக்கு வந்து கொல்லை வழியாக நுழைந்தோம். அத்தை எங்களுக்குக் கிணற்று நீரை இறைத்து ஊற்றிவிட்டு, தானும் குளிக்கத் தொடங்கினாள். குஞ்சு ஈரத்துண்டோடு, துவைக்கிற கல்லின்மேல் வைத்திருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினான். சற்றுக் கழித்துப் பூஜை மணி கேட்டது.

எங்கள் வீட்டில் புதிதாகப் பழமோ பட்சணமோ வந்தால் முதலில் சுவாமிக்கு முன் வைக்காமல் யாரும் வாயில் போடக் கூடாது. குஞ்சு அதைத்தான் செய்திருந்தான். வெள்ளித் தட்டில் கேக்கை வைத்து, சாளக்கிராமத்துக்கு முன்னால் நின்று மணியாட்டிக்கொண்டிருந்தான்.

"ஐயோ, முட்டையாக்கும் அதிலே!" என்று பெரியப்பா அலறினார். "வாசப்படி தாண்டப்படாதுன்னேன், பூஜையறைக்கே வந்தாச்சு! விசாலம், இன்னியோட நீ ஸ்கூலுக்குப் போகண்டாம்."

ஈரப் புடவையோடு ஓடிவந்த அத்தை பூஜையறை வாசலில் நின்றாள். அந்த வேலைதான் அவளுக்கு உயிர். "கொல்லை வழியா வந்தான், குளிச்சான், தின்னாமக் கொண்டுவந்து ஸ்வாமிக்கு வெச்சான். இதிலே எந்த ஆசாரம் குறைஞ்சுபோச்சு? சொல்லுங்கோண்ணா."

பெரியப்பா வாய் திறக்குமுன் குஞ்சு கேட்டான்: "அத்தை, உம்மாச்சி தின்னாச்சா? இனி எனக்கா?"

அத்தை கேக்கை எடுத்துப் பிட்டு, ஒரு பாதியை அவன் வாயில் போட்டாள். மறுபாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, உதிர்ந்த துணுக்குகளை அண்ணனிடம் நீட்டினாள். "பிரசாதமாக்கும். வேண்டாம்னு சொல்லப்படாது."

பெரியப்பா வெளியே போய்விட்டார். மறுநாள் சாஸ்திரிகள் வந்து பூஜையறையின் தீட்டுக் கழியப் புண்ணியாகவாசனம் செய்தார். விடுமுறை முழுவதும் பெரியப்பா அத்தையோடு பேசவில்லை. தெருவிலோ, அவள் வேலையை விட்டாயிற்று என்று சொல்லிவைத்தார்.

பள்ளி திறந்த அன்று காலை, வாசல் நடையை அடைத்தாற்போல் சாய்வு நாற்காலியைப் போட்டுப் பத்திரிகையை விரித்துக்கொண்டார். அத்தை குடையோடு வந்து நின்றாள். அப்போது என் அம்மா, கணவனின் அண்ணன் எதிரே நிற்கவும் கூடாது, பேசவும் கூடாது என்ற வழக்கத்தில் அத்தனை வருஷமும் கதவுக்குப் பின்னாலேயே நின்ற என் அம்மா, டிபன் பாத்திரத்தைக் கொண்டுவந்து அத்தை கையில் கொடுத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி, "நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தறேளா? அக்காவுக்கு நேரமாயிடுத்து" என்றாள்.

பெரியப்பா நாற்காலியை நகர்த்தினார்.

அத்தை ஓய்வுபெறும் வரை அந்தப் பள்ளியிலேயே இருந்தாள். இப்போது அவள் இல்லை, அம்மாவும் இல்லை. கரி எஞ்சின் போயிற்று, கிணற்றைத் தூர்த்தாயிற்று, ரயிலிலிருந்து வந்ததும் குளிக்கச் சொல்ல ஆளில்லை. கழக்கூட்டத்தில் தாழம்புதர் இருந்தது என்றால், அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் பேத்தியே நம்ப மாட்டேன் என்கிறாள். ஆனாலும் ஒவ்வொரு டிசம்பரிலும் குடும்பத்துப் பொடிசுகளைக் கூட்டிக்கொண்டு கழக்கூட்டம் வரை ரயிலில் போய்வருகிறேன். திரும்பியதும் கேக்கை வெள்ளித் தட்டில் வைத்து, சுவாமிக்கு முன்னால் மணியாட்டி, பிறகுதான் பிட்டுக் கொடுப்பேன். உறவுக்காரர்கள் சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இது எந்த ஊர் வழக்கம் என்று கேட்கிறார்கள்.

எங்காத்து வழக்கமாக்கும் என்கிறேன்.